மாமாவின் தகரப் பெட்டியில் நான்கு பழைய லென்ஸ்கள்: இன்றைய டிஜிட்டல் கேமராவில் பயன்படுத்துவது பற்றி

சேரன்மகாதேவிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் நீண்ட காலம் ஸ்டூடியோ நடத்திய என் தாய்மாமா, பார்வை மங்கிவிட்டதால் சென்ற மாதம் கடையை மூடினார். விற்றது போக மீந்த ஒரு தகரப் பெட்டியை என்னிடம் கொடுத்து, "உனக்கு ஆகுமென்றால் வைத்துக்கொள், ஆகாதென்றால் ஆக்கர் கடையில் போட்டுவிடாதே, என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடு" என்று கேட்டுக்கொண்டார்.

பெட்டியில் நான்கு லென்ஸ்கள் இருக்கின்றன. திருகி மாட்டும் எம்42 வகையில் ஒரு சூப்பர் டாக்குமர் 50 மி.மீ. எஃப்/1.4, அதே வகையில் சோவியத் நாட்டு ஹீலியோஸ் 44-2, அது 58 மி.மீ. எஃப்/2, நிக்கான் கேமராவுக்குரிய நிக்கோர் 28 மி.மீ. எஃப்/2.8 ஏ.ஐ.எஸ்.; பிறகு நிக்கோர் 135 மி.மீ. எஃப்/2.8 ஏ.ஐ. (ஏ.ஐ., ஏ.ஐ.எஸ். இரண்டும் நிக்கானின் பழைய லென்ஸ் தலைமுறைகளின் பெயர்கள்; மி.மீ. என்பது குவியத் தூரம், எண் சிறிதானால் அகன்ற காட்சி விழும்.) டாக்குமரை வெள்ளைத் தாளின் மேல் வைத்து அதன் வழியே பார்த்தால் தாள் வெளிறிய தேநீர் நிறத்தில் தெரிகிறது. ஹீலியோஸின் அப்பர்ச்சர் தகடுகளில், அதாவது ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் தகடுகளில் ('எஃப்' எண் அந்தத் துளையின் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது), எண்ணெய் படிந்து பளபளக்கிறது. 135-இன் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால், ஓரத்தில் நரைமுடி போன்ற கோடுகள் கிளைவிட்டுப் படர்ந்திருக்கின்றன. 28 மட்டும் நேற்று வாங்கியது போல இருக்கிறது.

என்னிடம் இருப்பது நிக்கான் டி5600. அதில் 28-ஐ மாட்டினேன். எல்லாவற்றையும் கையால் அமைக்கும் 'எம்' நிலைக்கு மாற்றும்வரை ஷட்டர் விழவே இல்லை. மாற்றிய பிறகும் ஒளி அளவு எதையும் கேமரா காட்டவில்லை. டாக்குமரை என் கேமராவில் மாட்ட உதவும் இடைவளையம், அதாவது அடாப்டர், உண்டா என்று இரண்டு கடைகளில் கேட்டேன். ஒருவர் உண்டு என்றார். மற்றவர் உண்டு, ஆனால் தூரத்துக் காட்சி தெளியாது என்றார். இவற்றை வைத்துக்கொண்டு உருப்படியாகப் படம் எடுக்க முடியுமா, அதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பாளைநிழல் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். இரண்டு கடைக்காரர்களும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அதன் காரணம் புரிந்துவிட்டால், உங்கள் கேள்வியில் பாதிக்கு நீங்களே விடை கண்டுகொள்வீர்கள்.

லென்ஸ் உட்காரும் உலோக வளையத்துக்கும் பின்னால் உள்ள ஃபிலிம் அல்லது சென்சாருக்கும் இடையே ஒவ்வொரு கேமரா வகைக்கும் ஒரு நிலையான தொலைவு உண்டு. எம்42 வகைக்கு அது 45.46 மி.மீ., நிக்கான் எஃப் வகைக்கு 46.5 மி.மீ., கேனான் ஈ.எஃப். வகைக்கு 44 மி.மீ. எம்42 லென்ஸ் தன் சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி இருந்தால்தான் மிகத் தொலைவைக் காட்டும் அதன் முடிவிலிக் குறியில் மலையும் நிலாவும் தெளியும். உங்கள் நிக்கானிலோ வளையமே 46.5 மி.மீ. தள்ளி இருக்கிறது, அடாப்டரின் கனம் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அது இன்னும் தள்ளித்தான் போகுமே தவிர உள்ளே வராது. ஆகவே பக்கத்தில் உள்ளவை தெளியும், சில மீட்டருக்கு அப்பால் எல்லாம் மங்கும். இதைச் சரிசெய்ய நடுவில் ஒரு கண்ணாடி வைத்த அடாப்டர் விற்கிறார்கள். நல்ல லென்ஸின் பின்னால் மலிவான கண்ணாடியை வைத்து அதன் தெளிவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. கேனானில் 44 மி.மீ. என்பதால் இடையில் ஒன்றரை மி.மீட்டருக்குச் சற்றுக் குறைவான இடம் கிடைக்கிறது. அங்கே மெல்லிய வளையம் ஒன்று போதும்.

மிரர்லெஸ் கேமராக்களில், உங்கள் டி5600-இல் இருப்பதுபோல ஒளியை வ்யூஃபைண்டருக்குத் திருப்பிவிடும் மிரர் இல்லாததால் இந்தத் தொலைவு மிகவும் குறைந்துவிட்டது. சோனி இ மவுண்டில் 18 மி.மீ., நிக்கான் இசட்டில் 16 மி.மீ., கேனான் ஆர்.எஃப்.-இல் 20 மி.மீ., ஃபியூஜி எக்ஸில் 17.7 மி.மீ. மீதித் தொலைவை வெறும் உலோகக் குழாய் நிரப்பிவிடும். உங்கள் டாக்குமர் சோனியில் உட்கார 27.46 மி.மீ. நீளமுள்ள குழாயும், நிக்கோர் உட்கார 28.5 மி.மீ. நீளமுள்ள குழாயும் தேவை. பழைய லென்ஸ்கள் மறுபடியும் பெட்டியை விட்டு வெளியே வந்ததற்குக் காரணம் இந்தச் சிறிய கணக்குதான்.

ஆனால் உடனே புதுக் கேமரா வாங்க ஓட வேண்டாம். டி5600-இல் அந்த 28-ஐ இன்றைக்கே பயன்படுத்தலாம். கேமரா ஒளியை அளக்காது. 'எம்' நிலையில் ஒரு படம் எடுத்து, படத்தின் ஒளி அளவை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, ஷட்டரைக் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் வெயிலில் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப்/16, நொடியில் நூறில் ஒரு பங்கு என்று தொடங்கினால் பெரும்பாலும் அருகில் வந்துவிடும். வ்யூஃபைண்டரின் கீழ் ஓரத்தில் தெரியும் பச்சைப் புள்ளி, கையால் ஃபோகஸ் செய்யும்போதும் ஒத்துழைக்கும்.

ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1977-இல் ஏ.ஐ. முறை வருவதற்கு முன்பு செய்யப்பட்ட நிக்கோர் லென்ஸ்கள் உங்கள் டி5600-இல் பழுதின்றி மாட்டும். ஆனால் டி7100, டி7200 போன்றவற்றில் வளையத்தின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் சிறு நாக்கை அவை உடைத்துவிடக்கூடும். யாராவது நண்பர் தம் கேமராவில் போட்டுப் பார்க்கலாம் என்று கேட்டால், முதலில் லென்ஸ் எந்தக் காலத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்குநேரிக்காரன் எழுதியது:

அண்ணாச்சியின் விளக்கம் தெளிவாக இருந்தது. ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் சங்குவளை நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடுகட்டும் பருவத்தில், ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிய பழைய 300 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டு இரண்டு காலைப்பொழுதுகள் நின்றேன். கூழைக்கடா தண்ணீரில் இறங்கும் காட்சியை 200 முறைக்கு மேல் எடுத்தும், கண் தெளிவாக விழுந்தவை நான்கே நான்கு. கேமராவோடு வந்த சாதாரண ஜூம் லென்ஸே ஓரங்களில் பல பழைய லென்ஸ்களைவிடத் தெளிவாக இருக்கிறது என்பதும் என் அனுபவம். ஹீலியோஸில் பின்னணி சுழல்வதைப் பலர் அழகு என்கிறார்கள். அது லென்ஸின் ஓரத்தில் நேர்ந்த குறை அன்றி வேறென்ன?

பாளைநிழல் எழுதியது:

பறக்கும் பறவை விஷயத்தில் நாங்குநேரித் தம்பி சொல்வதை நான் முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு இன்றைய தானியங்கி ஃபோகஸ்தான் ஏற்றது. கூட்டில் உட்கார்ந்திருக்கும் நாரைக்குப் பழைய லென்ஸ் போதும். இறங்கும் கூழைக்கடாவுக்குப் போதாது.

ஹீலியோஸின் சுழலும் குறைதான். சட்டத்தின் ஓரத்துக்குச் சாய்வாக வரும் ஒளியை லென்ஸின் குழாய் விளிம்பே கொஞ்சம் வெட்டிவிடுவதால், ஓரத்து ஒளிப்பொட்டுகள் வட்டமாக இல்லாமல் வாதுமைப் பருப்பின் வடிவத்தில் விழுகின்றன. அவை நடுவைச் சுற்றி வரிசையாக நிற்பதால் சுழல் போலத் தெரிகிறது. எஃப்/4-க்கு மூடினால் அது பெரும்பாலும் மறைந்துவிடும். காரணம் தெரிந்தவர் வேண்டும் இடத்தில் பயன்படுத்தட்டும், வேண்டாத இடத்தில் மூடிக்கொள்ளட்டும்.

ஆனால் பழைய லென்ஸின் உண்மையான பயன் சுழலிலோ நிறத்திலோ இல்லை; அதன் தொலைவு வளையத்தில் இருக்கிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் தேர் ரத வீதியில் திரும்பும்போது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: கூட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டே போகும், கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகக் கூட இடம் இருக்காது. வடம் பிடிப்பவரின் முகத்தைக் குறிவைத்தால், தானியங்கி ஃபோகஸ் நடுவில் குறுக்கிடும் யாரோ ஒருவரின் கையைப் பிடித்துக்கொள்ளும். நான் அங்கே 28 மி.மீ. லென்ஸைத்தான் கொண்டுபோவேன். பழைய 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள முழுச்சட்ட சென்சாரில் எஃப்/8 வைத்து, தொலைவு வளையத்தை மூன்றரை மீட்டர் அருகே நிறுத்திவிட்டால், ஏறத்தாழ ஒன்றே முக்கால் மீட்டரிலிருந்து தேரின் உச்சிக் கலசம்வரை எல்லாம் போதிய தெளிவோடு விழும். டி5600 போன்ற சிறிய சென்சார் என்றால் அதே மூன்றரை மீட்டருக்கு எஃப்/11 வைக்க வேண்டும். வளையத்தில் ஒரு சிறு துண்டு டேப் ஒட்டிவிட்டால் நாள் முழுவதும் அதைத் தொட வேண்டியதில்லை. நான் பார்க்க வேண்டியது முகத்தை மட்டும்தான். வடம் இறுகும் கணத்தில் வரிசையில் நிற்கும் அத்தனை பேருடைய கழுத்து நரம்பும் ஒன்றாகப் புடைத்து எழும். அது அரை நொடிகூட நிற்காது. ஃபோகஸ் ஏற்கெனவே முடிந்துவிட்ட கேமராவில் விரலை அழுத்தியவுடன் படம் விழுகிறது.

இன்றைய லென்ஸ்கள் பலவற்றில் தொலைவுக் குறிகளே இல்லை; இருப்பவற்றிலும் வளையம் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பழைய லென்ஸில் வளையம் முடிவிலியில் 'டக்' என்று நின்றுவிடும். இருட்டிலும் விரல் அதை அறியும். மாமாவின் பெட்டியில் எனக்கு ஆசை வருவது அந்த 28-இன் மேல்தான், அது 0.2 மீட்டர்வரை நெருங்கவும் கூடியது.

பத்தமடைப்பாய் எழுதியது:

அண்ணாச்சி நெருக்கத்தைப் பற்றிச் சொன்னதால் என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். எங்கள் வீட்டில் அம்மாவும் சித்தியும் பாய் நெய்கிறார்கள். கோரையைக் கீறி, ஊறவைத்து, சாயம் ஏற்றி, பருத்தி நூல் பாவில் ஒவ்வொரு இழையாகக் கோத்து அடிக்கும் வேலை அது. பட்டுப்பாய் என்று சொல்லப்படும் மெல்லிய வகையில் ஒரு கோரையைத் தையல் நூலின் அளவுக்குக் கீறுவார்கள். அந்த இழையைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. மேக்ரோ லென்ஸ் வாங்கும் வசதி இல்லை.

பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்றின் பின்னால் 25 மி.மீ. நீளமுள்ள வெற்றுக் குழாய் ஒன்றை மாட்டினேன். அதனால் பொருளின் உருவம் சென்சாரில் அதன் இயல்பான அளவில் பாதியாக விழுகிறது. அதாவது ஒரு செ.மீ. அகலமுள்ள பாய்த்துண்டு சென்சாரில் அரை செ.மீ. அகலத்துக்கு வருகிறது. ஒளி ஒரு ஸ்டாப்புக்கு, அதாவது பாதிக்கு, சற்று மேலாகக் குறையும். எஃப்/8-இல் கூடத் தெளிவின் ஆழம் (முன்பின்னாகத் தெளிந்து விழும் தொலைவு) 3 மி.மீ. அளவுதான், சிறிய சென்சாரில் 2 மி.மீட்டருக்கும் குறைவு. ஆகவே வளையத்தைத் திருப்பி ஃபோகஸ் செய்வதை விட்டுவிட்டு, கேமராவையே முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தித் தெளிவைத் தேடுவதே வசதியாக இருந்தது.

தார்சாவின் ஓரத்தில், காலை 8 மணி வெளிச்சம் சாய்வாக விழும் இடத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். முதலில் தெரிந்தது கோரையின் பச்சை கலந்த பொன்னிறத் தோலில் நீளவாக்கில் ஓடும் வரிகள். பிறகு இரண்டு இழைகளுக்கு இடையே அகப்பட்ட சிவப்புச் சாயத் துகள் ஒன்று. அதன் பிறகு, இழையை அழுத்திக்கொண்டிருந்த அம்மாவின் நகத்தில், ஆண்டாண்டுக் காலம் கோரை உராய்ந்து உண்டான சிறு பள்ளம். அந்தப் பள்ளத்தை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. படத்தைக் காட்டியபோது அம்மா தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பியின் டி5600-இல் எம்42 லென்ஸுக்குத் தூரம் தெளியாது என்பது குறைதான்; ஆனால் இவ்வாறான நெருக்கப் படங்களுக்கு அந்தக் குறை ஒரு பொருட்டே இல்லை என்பதையும் கவனத்தில் கொள்ளவும்.

தென்காசிச்சாரல் எழுதியது:

135-இன் உள்ளே இருக்கும் 'நரைமுடி' பூஞ்சை. அதை மற்ற மூன்று லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது, உடனே பிரித்துவிடுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஜூன் தொடங்கி ஆகஸ்டுவரை சாரல் விழும் நாட்களில் சுவரே வியர்த்துவிடும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நெடுநாள் நின்றால் பூஞ்சை வளரத் தொடங்கிவிடும். நான் 40-க்கும் 50-க்கும் இடையில் வைத்திருக்க முயல்கிறேன். ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் விலையுயர்ந்த ட்ரை கேபினட் தேவையில்லை. ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, ஒரு சிறு ஈரமானி, சிலிக்கா ஜெல் ஆகிய மூன்றும் போதும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் சேர்மம் இருப்பதால் அதை வீட்டுச் சமையல் வாணலியில் வறுத்து உலர்த்தக் கூடாது. ஆரஞ்சு நிற ஜெல்லை வாங்கிக்கொள்ளுங்கள். லென்ஸோடு வந்த தோல் உறையை, எவ்வளவு அழகாக இருந்தாலும், தனியே எடுத்து வையுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கச் சொல்வோரும் உண்டு. தவிட்டுத் தூசி உள்ளே போவதுதான் மிச்சம்.

பாளைநிழல் எழுதியது:

ஒரு சிறு மாறுபாடு. பூஞ்சையின் வித்துகள் நம்மைச் சுற்றியுள்ள காற்றில் எங்கும் இருக்கின்றன. உலர்ந்த டப்பாவில் பூஞ்சை பிடித்த லென்ஸின் பக்கத்தில் வைத்த நல்ல லென்ஸ் கெட்டுப்போவதை நான் கண்டதில்லை; ஈரமான அலமாரியில் தனியே வைத்த நல்ல லென்ஸ் கெட்டுப்போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பிரிப்பதைவிட உலர்த்துவதே முதல் வேலை.

தென்காசிச்சாரல் எழுதியது:

பாளையங்கோட்டையில் உலர்ந்த மாதங்கள் அதிகம் என்பதால் அண்ணாச்சிக்கு அந்த அனுபவம் கிடைத்திருக்கிறது. எங்கள் ஊரில் டப்பாவை ஒரு நாள் சரியாக மூடாமல் விட்டாலே ஈரமானி 75-ஐத் தொட்டுவிடுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் வளரும் பூஞ்சையின் அருகில் இன்னொரு கண்ணாடியை வைக்க எனக்கு மனம் வரவில்லை. சுத்தம் செய்யும்வரையாவது அது தனியே இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இணையத்தில் ஒருவரிடம் 'உட்புறம் முழுச் சுத்தம்' என்ற உறுதிமொழியை நம்பி ஒரு 35 மி.மீ. லென்ஸ் வாங்கினேன். பிரித்துத் துடைத்த பிறகும் கண்ணாடியில் பாசியின் வேர் போன்ற தடம் நின்றுவிட்டது. பூஞ்சை வெளியிடும் அமிலம் கண்ணாடியின் மேலுள்ள மெல்லிய பூச்சை அரித்துவிட்டால் துடைத்துப் பயனில்லை. வாங்கும்போது அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் எதுவும் தெரியாது.

குறுக்குத்துறை எழுதியது:

ஈரம் என்ற பேச்சு வந்ததால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, எங்கள் வீட்டுப் பட்டாசலில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்த மூன்று பழைய லென்ஸ்களையும் ஒரு தானியங்கி ஜூம் லென்ஸையும் மறுநாள் மாலைதான் எடுக்க முடிந்தது.

அப்போது நான் செய்த தவறு: எடுத்தவுடனே, வேலை செய்கிறதா என்று பார்க்கும் பதற்றத்தில், 50 மி.மீ. லென்ஸின் வளையத்தைத் திருப்பினேன். 'நறநற' என்று ஒரு சத்தம். திருகுப் பள்ளங்களுக்குள் போயிருந்த ஆற்று வண்டல், ஒன்றோடொன்று இழையும் அந்த மெல்லிய உலோகப் புரிகளைத் தேய்த்துவிட்டது. இன்றும் அந்த லென்ஸ் இரண்டு மீட்டர் குறியில் சிக்குகிறது. மற்ற இரண்டு பழைய லென்ஸ்களையும் திருப்பாமல், பழக்கமுள்ள ஒருவரிடம் கொடுத்தேன். அவர் பிரித்து, நல்ல தண்ணீரில் வண்டலை அலசி, உலர்த்தி, பழைய கிரீஸை நீக்கிப் புதிதாக இட்டுக் கொடுத்தார். ஒன்று முழுமையாகப் பிழைத்தது. மற்றொன்றில் ஒட்டவைத்த இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே பசை விட்டுப்போய், ஓரத்தில் வானவில் நிறத்தில் ஒரு பிறை தெரிகிறது. ஆயினும் படம் எடுக்கிறது.

உள்ளே மின்னணுச் சுற்று எதுவும் இல்லாததால்தான் அவ்விரண்டும் திரும்பி வந்தன. அதே தட்டில் இருந்த என் தானியங்கி ஜூம் லென்ஸை யாராலும் மீட்க முடியவில்லை. லென்ஸ்களை இப்போது மச்சில் வைத்திருக்கிறேன்.

சேரன்மகாதேவிவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 135-ஐத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். டாக்குமரின் தேநீர் நிறத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அதில் கதிரியக்கம் உண்டு என்று ஒருவர் அச்சுறுத்துகிறார். வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது.

பாளைநிழல் எழுதியது:

உண்மைதான், ஆனால் அச்சம் வேண்டாம். ஒளியை நன்றாக வளைக்கும் கண்ணாடி வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்தில் சில கண்ணாடிகளில் தோரியம் ஆக்சைடு கலந்தார்கள். உங்கள் லென்ஸ் ஏழு கண்ணாடிகள் கொண்ட பதிப்பாக இருக்க வேண்டும். எட்டுக் கண்ணாடிகள் கொண்ட முதல் பதிப்பில் தோரியம் இல்லை, அது மஞ்சளிப்பதும் இல்லை. தோரியம் மிக மெல்ல, 1,400 கோடி ஆண்டு அரை ஆயுளோடு சிதைகிறது. அந்தக் கதிர்வீச்சுதான் பல பத்தாண்டுகளில் கண்ணாடியைப் பழுப்பாக்கியிருக்கிறது. கேமராவில் மாட்டிப் படம் எடுப்பதால் கவலைப்படும் அளவுக்குப் பாதிப்பு இல்லை. கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கியாகப் பயன்படுத்த வேண்டாம், உடைத்துத் தூளாக்க வேண்டாம், குழந்தையின் விளையாட்டுப் பொருளாக விட வேண்டாம். அவ்வளவே.

நிறத்தைப் புற ஊதா ஒளி நீக்கும். அது நம் ஊர் வெயிலில் தாராளமாகவே இருக்கிறது. கீழே அலுமினியத் தாள் விரித்து, பின்பக்கக் கண்ணாடி வானத்தைப் பார்க்கும்படி வைத்து, காலையில் இரண்டு மணி நேரம் வீதம் சில வாரங்கள் தொடருங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் புற ஊதாவில் ஒரு பகுதி தடுக்கப்பட்டுவிடும், ஆகவே வெளியில் வைப்பதே நல்லது. சித்திரை, வைகாசி நடுப்பகல் வெயில் மட்டும் ஆகாது. உலோகம் சுட்டு, கிரீஸ் இளகி, அப்பர்ச்சர் தகடுகளுக்கு ஓடிவிடும். பக்கத்திலேயே இருங்கள். நான் ஒருமுறை மொட்டைமாடியில் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கக் கீழே இறங்கினேன். திரும்பி வந்தபோது பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த துண்டில் மிளகு அளவுக்கு ஒரு கரிய துளை, அதன் விளிம்பில் நூல் போலப் புகை. லென்ஸ் வெயிலை ஒரு புள்ளியில் குவித்துவிட்டது. காய்ந்த ஓலையோ வைக்கோலோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஹீலியோஸில் உள்ள எண்ணெயை அப்படியே விட்டுவிடலாம். 44-2 வகையில் அப்பர்ச்சரைக் கையாலேயே மூடித் திறக்கிறோம். படம் எடுக்கும் கணத்தில் சுருள்வில்லின் வேகத்தில் தானாக மூடும் தகடுகளுக்குத்தான் எண்ணெய் எதிரி.

சேரன்மகாதேவிவாசி எழுதியது:

ஏழு வாரங்களுக்குப் பிறகு திரும்ப எழுதுகிறேன். டி5600-ஐக் கொடுத்து, மேலே கொஞ்சம் பணம் போட்டு, முழுச்சட்ட சென்சார் கொண்ட சோனி மிரர்லெஸ் பாடி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். இரண்டு அடாப்டர்களும் வாங்கினேன். லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விழலாம் என்ற அமைப்பை மெனுவில் இயக்கிய பிறகே படம் எடுக்க முடிந்தது. இதைத் தேடிக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. அதிர்வுத் தடுப்புக்கு 50, 28 என்று குவியத் தூரத்தையும் நானே குறித்துக் கொடுக்கிறேன்.

தெளிந்த விளிம்புகளை வண்ணத்தில் காட்டும் பீக்கிங் வசதியை முதலில் நம்பினேன். எஃப்/1.4-இல் ஒரு மீட்டர் தூரத்தில் தெளிவின் ஆழம் ஏறத்தாழ 3 செ.மீ. மட்டுமே இருக்க, பீக்கிங் மூக்கு நுனியிலிருந்து காதுவரை சிவப்பாகக் காட்டியது. இப்போது திரையில் பெரிதாக்கிக் கண் இமையைப் பார்த்தே ஃபோகஸ் செய்கிறேன். பகல் வெளியில் எஃப்/1.4 வைக்க வேண்டுமென்றால் பன்னிரண்டாயிரத்தில் ஒரு பங்கு போன்ற ஷட்டர் வேகம் தேவைப்படுகிறது என்பதால், ஒளியைக் குறைக்கும் ஒரு என்.டி. ஃபில்டரும் வாங்க வேண்டியதாயிற்று.

டாக்குமரின் நிறம் முக்கால்வாசி வெளுத்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு மாமாவைப் பார்க்கப் போனேன். மாமாவைக் கதவருகே உட்காரவைத்து எஃப்/2-இல் எடுத்தேன். கண் தெளிவாகவும், பின்னால் இருந்த பழைய ஸ்டூடியோத் திரை மெல்லக் கரைந்தும் விழுந்திருக்கிறது. பார்வை மங்கியவர் என்பதால் திரையில் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். "இந்த லென்ஸில் ஆயிரம் கல்யாணம் எடுத்திருக்கிறேன், என்னை யாரும் எடுத்ததில்லை" என்றார்.

ஒரு சிக்கல் மட்டும் மீதியிருக்கிறது. 28-ஐ மூன்றரை மீட்டரில் வைத்து எடுத்த தெருப் படங்களில் முகங்கள் மங்கலாகவும் தொலைவில் உள்ள வீடுகள் தெளிவாகவும் விழுகின்றன. மாமா வீட்டு மாடியிலிருந்து மேற்கே மலையைப் பார்த்துச் சோதித்தபோது, வளையத்தில் 8 மீட்டர் இருக்கும் என்று தோன்றும் இடத்திலேயே மலை தெளிந்துவிடுகிறது. முடிவிலிக் குறியில் வைத்தால் மங்குகிறது. லென்ஸ் கெட்டுவிட்டதா?

பாளைநிழல் எழுதியது:

லென்ஸில் குறை இல்லை. அடாப்டர் குட்டையாக இருக்கிறது. முடிவிலி எட்டாமல் போய்விடக் கூடாது என்பதற்காக மலிவான அடாப்டர்களை வேண்டுமென்றே சற்றுக் குட்டையாகக் கடைவார்கள். 28 மி.மீ. லென்ஸில் மலை 8 மீட்டர் குறியில் தெளிகிறது என்றால், குறைவு ஏறத்தாழ 0.1 மி.மீ. இதே குறைவில் ஒரு 50 மி.மீ. லென்ஸை மாட்டினால் மலை 25 மீட்டர் குறி அருகே தெளியும். திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்பவருக்கு அது உறைக்கவே உறைக்காது. அகன்ற லென்ஸில், அதுவும் குறியை நம்பி எடுக்கும்போதுதான், பத்தில் ஒரு மி.மீட்டர் படத்தையே கெடுத்துவிடும்.

அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். முன் வளையத்தைப் பிடித்திருக்கும் சிறு திருகுகள் தெரியும். அவற்றைக் கழற்றி, இடையில் 0.1 மி.மீ. பித்தளைத் தகட்டில் வெட்டிய வளையத்தை வைத்து மறுபடியும் முடுக்க வேண்டும். லேத் பட்டறையில் வெட்டித் தருவார்கள். காகிதம் வைக்க வேண்டாம், ஈரத்தில் உப்பிவிடும். திருகின் தலைக்குப் பொருத்தமான முனையுள்ள திருப்புளியையே பயன்படுத்துங்கள். பொருந்தாத முனையை வைத்து அழுத்தினால் தலை மழுங்கிவிடும். வைத்தபின் மலையைப் பார்த்து மறுபடியும் சோதியுங்கள். குறியைத் தாண்டிப் போய்விட்டால் தகட்டைக் கொஞ்சம் உரசிக் கனம் குறைக்கலாம்.

என்னிடம் பித்தளைத் தகடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மழை இல்லையென்றால் அடாப்டரோடு அந்த 135-ஐயும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பூஞ்சை முன்பக்கக் கண்ணாடியின் உட்புறத்தில் மட்டும் இருந்தால் ஒரு மணி நேர வேலை. காலை 10 மணிக்குள் வந்துவிட்டால் தார்சாவில் நல்ல வெளிச்சம் இருக்கும்.

சேரன்மகாதேவிவாசி எழுதியது:

கட்டாயம் வருகிறேன் அண்ணாச்சி. மாமாவும் உடன் வர விரும்புகிறார். 135-ஐ ஒருமுறை தாம் திறந்து பார்த்திருப்பதாகவும், முன் வளையத்தின் திருகு ஒன்று அரைகுறையாகத்தான் ஏறும் என்பதை உங்களிடம் நேரில் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறார்.